இலியட் காவியமும் ஆதித் திருச்சபையும்

அப்போஸ்தலனாகிய பவுல் மீசியா நாட்டைக் கடந்து துரோவாவுக்கு வந்து, அங்கே இராக்காலத்தில் மக்கெதோனிய மனிதனைத் தரிசனத்தில் கண்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. இத்துரோவா, மகா அலெக்சாந்தரின் பெயரைத் தாங்கிய ஒரு துறைமுகப் பட்டணம். அதற்கு வடக்கே, ஒரு நாள் நடையில் அடையத்தக்க தொலைவில், இலியோன் என்னும் ஊர் இருந்தது. ஹோமர் பாடிய டிராய் நகரம் அதுவே என்று கிரேக்கரும் ரோமரும் நம்பினர். பாரசீக மன்னன் செர்க்சஸ் அங்கே பலியிட்டான், கி.மு. 334இல் ஆசியாவின்மேல் படையெடுத்து வந்த அலெக்சாந்தரும் அங்கே சென்று அக்கிலீசின் கல்லறைக்கு மரியாதை செய்தான். பவுலோ துரோவாவிலிருந்து கப்பலேறி, சாமோத்திராக்கே தீவுக்கு நேராய் ஓடிப்போனார். அவ்வூரின் பழம்பெருமையைப் பற்றி லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை.

லூக்கா மௌனமாய்க் கடந்ததைத் திருச்சபை நெடுங்காலம் மௌனமாய்க் கடக்க இயலவில்லை. கிரேக்க மொழியில் எழுதவும் பேசவும் கற்ற ஒவ்வொரு சிறுவனும் ஹோமரைப் படித்தே கற்றான். திருச்சபையின் பிதாக்களுள் பலர் அவ்விதமே கற்றவர்கள். சேயுஸ், அப்போலோன், ஆரேஸ் முதலிய தேவர்களை முற்றிலும் மறுத்த சபை, அத்தேவர்கள் பக்கத்திற்குப் பக்கம் நடமாடும் ஒரு காவியத்தை என்ன செய்வது? எரிப்பதா, மறப்பதா, காப்பதா? சபை அதைக் காத்தது என்பது வரலாறு. எவ்வாறு காத்தது, ஏன் காத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தன் ஆண்டவரை அறியாத ஒரு சமுதாயத்தின் இலக்கியத்தைக் கிறிஸ்தவ ஊழியன் எப்படி அணுகுவது என்னும் கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் எழுவதால், இது வெறும் பழங்கதை ஆராய்ச்சி அன்று.

காவியமும் போரும்

இலியட் 24 காண்டங்களும் ஏறத்தாழ 15,700 அடிகளும் கொண்டது. கி.மு. எட்டாம் நூற்றாண்டளவில் அது உருப்பெற்றது என்பது அறிஞர் பலரின் கருத்து. அதற்கு முன்பே பல தலைமுறைகளாகப் பாணர்கள் எழுத்தின் துணையின்றி இக்கதைகளைப் பாடிவந்தனர். அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1930களில் யூகோஸ்லாவியாவில் வாய்மொழிப் பாணர்களின் பாடல்களைப் பதிவு செய்து, ஹோமரின் அடைமொழிகளும் திரும்பத் திரும்ப வரும் தொடர்களும் இத்தகைய வாய்மொழி மரபின் அடையாளங்களே என்று நிறுவினார்.

டிராய் போர் முழுவதையும் இலியட் கூறுவதில்லை. பத்தாண்டுப் போரின் இறுதியாண்டில் சில வாரங்களில் நிகழ்ந்தவையே அதன் பொருள். மரக்குதிரையின் கதையோ, அக்கிலீசின் சாவோ, நகரம் தீக்கிரையானதோ அதில் விவரிக்கப்படவில்லை. அவற்றைப் பாடிய வேறு காவியங்கள் இருந்தன. அவை அழிந்து, சுருக்கங்களும் சில துணுக்குகளுமே எஞ்சியுள்ளன. காவியத்தின் முதற்சொல்லே ‘சினம்’ என்பதாகும். அரசன் ஆகமெம்னன் தன்னை அவமதித்ததால் வெகுண்ட வீரன் அக்கிலீஸ் போரினின்று விலகுகிறான். அதனால் அவன் பக்கத்தாரே மடிகின்றனர். அவன் உயிர்த்தோழன் பத்ரோக்குலசும் ஹெக்டரால் கொல்லப்படுகிறான். சினம் இப்பொழுது பகைவன்மேல் திரும்புகிறது. அக்கிலீஸ் ஹெக்டரைக் கொன்று, அவன் உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். அவ்வுடலை மீட்க முதிய தந்தை பிரியாம் இரவில் பகைவனின் பாளயத்திற்கு வருகிறான். ஹெக்டரின் அடக்கத்தோடு காவியம் முடிகிறது.

இப்போர் உண்மையில் நிகழ்ந்ததா? துருக்கியின் வடமேற்கிலுள்ள ஹிசர்லிக் மேட்டில் ஃபிராங்க் கால்வெர்ட்டும், அவரைத் தொடர்ந்து 1870 முதல் ஹைன்ரிக் ஷ்லீமனும் அகழ்ந்தனர். ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது முக்கியக் குடியிருப்பு அடுக்குகள் அங்கே வெளிப்பட்டன. நகரம் வீழ்ந்தது கி.மு. 1184இல் என்று பண்டை அறிஞர் எரத்தோஸ்தேனஸ் கணக்கிட்டார். அதற்கு நெருங்கிய காலத்தில் ஓர் அடுக்கு அழிவுற்றதற்குச் சான்றுகள் உள்ளன. ஏத்தியப் பேரரசின் களிமண் ஏடுகளில் வரும் ‘விலூசா’ என்னும் ஊர் இலியோனே என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவ்வூரை ஆண்ட அலக்சந்து என்பவனோடு ஏத்திய மன்னன் செய்த உடன்படிக்கையும் கிடைத்துள்ளது. ஆயினும் அக்கிலீசையும் ஹெக்டரையும் மெய்ப்பிக்கும் சான்று எதுவும் இல்லை. நகரமும் அதன் அழிவும் வரலாறு. காவியத்தின் போரோ புராணம் என்பதோடு நாம் அமைய வேண்டும்.

மறைநூல் ஆய்வுக்கு ஹோமர் தந்த கருவிகள்

ஹோமரின் பிரதிகள் பலவாறு வேறுபட்டமையால், அலெக்சந்திரியா நூலகத்து அறிஞர்கள் அவற்றை ஒப்பிட்டுத் திருத்தமான பாடத்தைக் காண முயன்றனர். சேனொதோத்து அப்பணியைத் தொடங்கினார், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சாமோத்திராக்கே ஊரினரான அரிஸ்தார்க்கு அதை உச்சநிலைக்குக் கொண்டுவந்தார். ஐயத்திற்குரிய அடிகளை அவர்கள் நீக்கிவிடவில்லை. ஓரத்தில் ஒரு கோட்டையிட்டுக் காட்டினர். உடுக்குறி முதலிய வேறு குறிகளையும் பயன்படுத்தினர்.

ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மரபில் பயின்ற ஓரிகன் தமது ஹெக்சப்லாவைத் தொகுத்தபோது, இக்குறிகளையே பழைய ஏற்பாட்டுக்குக் கையாண்டார். எபிரெயத்தில் இல்லாமல் எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் மட்டும் உள்ள பகுதிகளுக்குக் கோட்டுக்குறியும், எபிரெயத்திலிருந்து எடுத்துச் சேர்த்த பகுதிகளுக்கு உடுக்குறியும் இட்டார். இன்று நம் மாணவர்கள் பாட ஆராய்ச்சி என்று கற்கும் கலை, ஹோமரின் அடிகளைச் சீர்தூக்கியவர்களிடமிருந்து சபைக்கு வந்த கொடை என்பதை மறத்தலாகாது.

உருவகப் பொருள் காணும் முறையும் அவ்வாறே வந்தது. தேவர்கள் ஒருவரோடொருவர் சண்டையிடும் பகுதிகள் அறிவுடையோர்க்கு இடறலாயிருந்தன. கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே ரேகியம் ஊர்த் தேயகேனஸ், அவை நெருப்பு, நீர் முதலிய இயற்கைப் பொருள்களின் மோதலைக் குறிப்பன என்று விளக்கம் தந்தார். ஸ்தோயிக்கர் இம்முறையை வளர்த்தனர். யூத அறிஞர் பிலோ அதை மோசேயின் ஆகமங்களுக்குப் பொருத்தினார். கிளெமெந்தும் ஓரிகனும் அதைப் பெற்றுக்கொண்டனர். யூதரின் நூல்களுக்குக் கிரேக்கரின் முறையை ஓரிகன் ஏற்றிவிட்டார் என்று தத்துவஞானி பொர்ப்பீரி குற்றம் சாட்டியதை யூசேபியு பதிவு செய்துள்ளார். அந்தப் பொர்ப்பீரியே ஒடிசியில் வரும் ஒரு குகையைப் பற்றித் தனிநூல் எழுதி, அதன் ஒவ்வொரு கல்லுக்கும் மறைபொருள் கண்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தேவர்கள்மேல் தொடுத்த வழக்கு

ஹோமரின் தேவர்களைக் கண்டித்தவர்களில் கிறிஸ்தவர்கள் முதல்வர் அல்லர். திருட்டையும் விபசாரத்தையும் வஞ்சகத்தையும் தேவர்கள்மேல் ஏற்றினான் என்று செனோபானஸ் அப்புலவனைக் கடிந்துகொண்டார். பிளேட்டோ தம் இலட்சிய நாட்டின் கல்வியில் ஹோமரின் பல பகுதிகளுக்கு இடமில்லை என்றார். ததியான், அதேனாகோரஸ் முதலிய கிறிஸ்தவ வாதிகள் இவ்வாதங்களை எடுத்துக் கூர்மையாக்கினர். ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட தெர்த்துல்லியனை நாம் அறிவோம்.

எனினும் மற்றொரு குரலும் எழுந்தது. ஒடிசியில், கேட்டவரை அழிவுக்கு இழுக்கும் இசைக்கன்னியரைத் தப்பிக் கடக்க ஒடிசியஸ் தன்னைப் பாய்மரத்தோடு கட்டுவித்துக்கொள்கிறான். அலெக்சந்திரியாவின் கிளெமெந்து இக்காட்சியை எடுத்து, சிலுவை மரத்தோடு கட்டுண்டவன் எல்லா அழிவினின்றும் தப்புவான் என்று பிரசங்கித்தார். பவுல் ஆரேஸ் மேடையில் கிரேக்கப் புலவரின் சொல்லைச் சுட்டியதும் (அப். 17:28), கிரேத்தா தீவாரைப் பற்றி அவர்களுள் ஒருவன் சொன்னதை எடுத்தாண்டதும் (தீத்து 1:12) இவ்வழிக்கு முன்மாதிரியாயின. இவ்விரு குரல்களும் சபைக்குள் சேர்ந்தே ஒலித்துவந்தன. அவற்றுள் எது நிலைக்கும் என்று சபை முடிவு செய்யும்படி வற்புறுத்தியவன் ஒரு பகைவன்.

யூலியனின் சட்டம்

பேரரசன் யூலியன் கிறிஸ்தவனாக வளர்க்கப்பட்டு, பின் பழைய தேவர்களின் வணக்கத்துக்குத் திரும்பியவன். 355இல் அவன் ஏதென்சில் கற்றபோது, நசியான்சு கிரெகரியும் அங்கு மாணவராயிருந்தார். 362 ஜூன் மாதத்தில், ஆசிரியர்கள் ஒழுக்கத்தில் சிறந்தவராயிருத்தல் வேண்டும் என்று அவன் ஒரு சட்டம் பிறப்பித்தான். அதன் உட்கருத்தை அவனுடைய கடிதம் ஒன்று வெளிப்படுத்துகிறது. ஒன்றை நம்பி வேறொன்றைக் கற்பிப்பவன் நேர்மையற்றவன். ஹோமர் வணங்கிய தேவர்களை வணங்காதவர்கள் ஹோமரைக் கற்பிக்கலாகாது. அவர்கள் கலிலேயரின் ஆலயங்களுக்குச் சென்று மத்தேயுவையும் லூக்காவையும் விளக்கட்டும் என்பது அதன் சாரம்.

இச்சட்டம் ஒருவரையும் சிங்கத்திற்கு இரையாக்கவில்லை. ஒரு வேதப்புத்தகத்தையும் எரிக்கவில்லை. ஆனால் கிறிஸ்தவ ஆசிரியர்களின் பிழைப்பைப் பறித்தது. கற்றோர் சமுதாயத்தினின்று சபையைப் பிரித்துத் தள்ளும் வழியைத் திறந்தது. ஏதென்சின் புகழ்பெற்ற ஆசிரியர் புரொஹெரேசியுவுக்கு யூலியன் தனிச்சலுகை அளிக்க முன்வந்தும், அவர் அதை ஏற்காமல் பதவியைத் துறந்தார். ரோமாபுரியில், முதிர்ந்த வயதில் மனந்திரும்பியிருந்த விக்தொரீனு தம் பள்ளியைவிட ஆண்டவரின் வார்த்தையே பெரிதென்று விலகியதை அகுஸ்தீன் மனமுருகி எழுதியுள்ளார். யூலியனின் படையில் பணிபுரிந்தவரும் பழைய மதத்தவருமான வரலாற்றாசிரியர் அம்மியானு மர்செல்லீனுவே இச்சட்டத்தைக் கொடிதென்று கண்டித்தார்.

இதற்குச் சபை தந்த விடைகள் இரண்டு. முதலாவது, அப்பொல்லினார் என்னும் தந்தையும் மகனும் தந்த விடை. ஹோமர் நமக்கு மறுக்கப்பட்டால் நாமே நமக்கென ஒரு ஹோமரை ஆக்குவோம் என்று அவர்கள் முனைந்தனர். எபிரெயரின் வரலாற்றைச் சவுல் அரசன் காலம்வரை வீரக்காவிய யாப்பில் 24 காண்டங்களாகப் பாடி, ஹோமரின் காண்டங்களைப்போலவே அவற்றுக்குக் கிரேக்க எழுத்துகளின் பெயரைச் சூட்டினர் என்று சோசொமேன் கூறுகிறார். சுவிசேஷங்கள் பிளேட்டோவின் உரையாடல் வடிவில் எழுதப்பட்டன என்று சோக்ராத்தேஸ் என்னும் சபை வரலாற்றாசிரியர் கூறுகிறார். யூலியன் 363 ஜூனில் பாரசீகப் போரில் மாண்டான். அடுத்த ஆண்டு அச்சட்டமும் நீக்கப்பட்டது. அப்பொல்லினாரின் காவியம் மறைந்துபோயிற்று. அவை எழுதப்படாதவைபோலவே ஆயின என்று சோக்ராத்தேஸ் வருத்தமின்றிக் குறிப்பிடுகிறார். பெரிய நூலுக்குப் பதிலாக ஒரு நகலை வைத்து அடைத்துவிட முடியாது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது விடையை அளித்தவர் கிரெகரி. யூலியனுக்கு எதிரான தமது உரையில் அவர் கேட்ட கேள்வி எளியது, ஆனால் ஆழமானது. கிரேக்கச் சொற்கள் யாருக்குச் சொந்தம்? மொழி அதைப் பேசுவோர் எல்லார்க்கும் உரியதா, அன்றி ஒரு பலிபீடத்திற்கு மட்டும் உரியதா? ஒரு கலையை ஒரு மக்களினம் கண்டுபிடித்ததால் அது என்றைக்கும் அவர்களுக்கே உரியதாயின், எழுத்தைக் கிரேக்கர் பெனிக்கேயரிடமன்றோ பெற்றனர்? ஆகவே மொழியும் அறிவும் மனித குலத்தின் பொதுச்சொத்து என்பதே அவர் வாதம். சபை நிலைத்து நின்றது இவ்விடையின்மேலேயாம்.

பாசில் காட்டிய வழி

கிரெகரியின் நண்பர் பாசில், கிரேக்க இலக்கியத்தால் பயன்பெறும் வகையைப் பற்றி இளைஞர்களுக்கு ஓர் உரை எழுதினார். மோசே எகிப்தியரின் கல்வியையும் தானியேல் கல்தேயரின் கல்வியையும் கற்ற பின்பே தேவகாரியங்களுக்கு வந்தனர் என்று அவர் நினைவூட்டுகிறார். தேனீ எல்லா மலர்களையும் ஒன்றுபோல் நாடுவதில்லை. நாடிய மலரையும் முழுவதும் தூக்கிச் செல்வதில்லை. தனக்கு வேண்டிய தேனை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. நாமும் அவ்வாறே வாசிக்கவேண்டும் என்பது அவர் அறிவுரை. ஹோமரின் பாட்டு முழுவதும் நற்பண்பின் புகழ்ச்சியே என்று ஓர் அறிஞர் கூறக் கேட்டதாகவும் பாசில் எழுதுகிறார். இவ்வுரையை லியொனார்தோ புரூனி 1400ஆம் ஆண்டளவில் இலத்தீனில் மொழிபெயர்த்தபின், மேலைநாட்டுப் பள்ளிகளில் அது பெரிதும் பரவிற்று.

பாசிலின் வழி நல்வழியே. ஆயினும் நற்பண்பின் புகழ்ச்சி என்னும் கூற்று ஒடிசிக்கு ஒருவாறு பொருந்தலாம், இலியடுக்குப் பொருந்தாது. அக்கிலீசைப் பார்த்து ஒழுகுங்கள் என்று எந்த ஆசிரியர் தம் மாணவரிடம் கூறத் துணிவார்? இலியடின் பெருமை நல்ல மாதிரிகளைக் காட்டுவதில் இல்லை என்பதைப் பின்னர் காண்போம்.

பிரதிகளைக் காத்த கைகள்

எல்லாக் கைகளும் காக்கும் கைகளாக இருந்தன என்று கூறிவிட முடியாது. எகிப்தின் நித்திரியா பாலைவனத்து மடமொன்றிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு சீரியத் தோல்நூலில், அந்தியோகியா செவேருவின் இறையியல் நூல் எழுதப்பட்டிருந்தது. அதன் அடியில் சுரண்டி நீக்கப்பட்டிருந்த எழுத்துகளை ஆராய்ந்தபோது, அவை இலியடின் அடிகள் எனத் தெரிந்தது. வில்லியம் கியூரட்டன் அவற்றை 1851இல் வெளியிட்டார். இறையியலுக்குத் தோல் தேவைப்பட்டபோது ஹோமர் சுரண்டப்பட்டார்!

ஆனால் காத்தவர்களே மிகுதி. ஐந்தாம் நூற்றாண்டில், இரண்டாம் தெயொதோசியுவின் மனைவியான பேரரசி யூதோக்கியா, ஹோமரின் அடிகளையே எடுத்து இணைத்துக் கிறிஸ்துவின் வரலாற்றைப் பாடினார். பத்திரிசியு என்னும் பேராயர் அப்பணியை முன்னரே தொடங்கியிருந்தார். இலியடின் மிகச் சிறந்த கைப்பிரதி பத்தாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ பைசாந்தியத்தில் எழுதப்பட்டது. அரிஸ்தார்க்குவின் குறிகளையும் பண்டை உரைகளையும் தன் ஓரங்களில் தாங்கிய அப்பிரதி, கர்தினால் பெசாரியோன் வெனிஸ் நகரத்திற்கு அளித்த நூல்களோடு அங்கு வந்து சேர்ந்தது. சீர்திருத்த சபையின் மரபும் இதினின்று விலகியதன்று. பிலிப் மெலாங்தன் 1518இல் விற்றன்பெர்க் பல்கலைக்கழகத்திற்கு வந்தபோது முதலில் நடத்திய பாடங்கள் ஹோமரும் தீத்துவுக்கு எழுதிய நிருபமுமாகும்.

இவர்கள் அனைவருள்ளும் நம் கருத்தைத் தனியே ஈர்ப்பவர் யூஸ்தாத்தியு. பன்னிரண்டாம் நூற்றாண்டினரான இவர், கொன்ஸ்தந்தீனோப்பிளில் ஆசிரியராயிருந்து, பின்பு தெசலோனிக்கே நகரின் பேராயரானார். இலியடுக்கும் ஒடிசிக்கும் அவர் எழுதிய விரிவுரைகள் இன்றும் அறிஞர்க்குப் பயன்படுகின்றன. ஒரு நகரின் முற்றுகையைப் பாடிய காவியத்திற்கு உரை செய்த அம்மனிதர், 1185இல் தம் சொந்த நகரின் முற்றுகையைத் தம் கண்களால் கண்டார். சிசிலியிலிருந்து வந்த நார்மானியப் படை தெசலோனிக்கேயைப் பிடித்துச் சூறையாடிற்று. படையெடுத்தவர்களும் கிறிஸ்தவர்களே. பேராயர் ஓடிப்போகவில்லை. மந்தையோடு தங்கியிருந்து, சிறைப்பட்டு, வென்றவர்களிடம் மக்களுக்காக மன்றாடி, நிகழ்ந்தவற்றை ஒரு நூலாகவும் எழுதிவைத்தார். ஹோமரைக் கற்றது அவரது மேய்ப்பப் பணிக்குத் தடையாய் இருக்கவில்லை.

பகைவனின் கூடாரத்தில்

இனி, இக்காவியத்தில் சபை காக்கத்தக்கது யாது என்று காண்போம். ஹோமர் கிரேக்கர். ஆயினும் அவர் தம் காவியத்தை வெற்றிக் களிப்போடு முடிக்கவில்லை. பகைநாட்டு இளவரசனின் அடக்கத்தோடும், அந்திரோமக்கா, எக்கூபா, ஹெலன் என்னும் மூன்று பெண்களின் ஒப்பாரியோடும் முடிக்கிறார். போர்க்களத்தில் மடியும் சாதாரண வீரனுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு தாய் உண்டு. ஆற்றங்கரையில் பிறந்ததால் அவ்வாற்றின் பெயரைப் பெற்ற சிமொயீசியு என்னும் டிராய் இளைஞன், ஐயாசின் ஈட்டியால் நெட்டிலிங்க மரம்போல் சாய்கிறான். பெற்றோருக்கு வளர்ப்புக்கடன் தீர்க்க அவனுக்கு வாழ்நாள் இல்லாமற்போயிற்று என்று புலவர் சொல்லிக் கடக்கிறார். பகைவரின் இறப்பை எண்ணிக்கையாக மட்டும் கூறும் வழக்கத்தை நாம் செய்தித்தாள்களில் நாள்தோறும் காண்கிறோம். ஹோமர் அவ்வாறு எண்ணவில்லை.

இருபத்துநான்காம் காண்டத்தில், தன் மக்களைக் கொன்ற கைகளைப் பிரியாம் முத்தமிடுகிறான். உன் தகப்பனை நினைத்துக்கொள் என்று அக்கிலீசிடம் வேண்டுகிறான். இருவரும் அழுகின்றனர், ஒருவன் மகனுக்காக, மற்றவன் தகப்பனுக்காகவும் தோழனுக்காகவும். பின்பு ஒரே பந்தியில் உண்கின்றனர். கிறிஸ்துவை அறியாத ஒரு புலவர் மனித இரக்கத்தின் இவ்வளவு உயரத்தை எட்டியிருக்கிறார்.

அவ்வுயரத்தின் எல்லையும் அங்கேயே தெரிகிறது. பிரியாம் பதினொரு நாள் கேட்கிறான்: ஒன்பது நாள் துக்கம், பத்தாம் நாள் அடக்கம், பதினோராம் நாள் கல்லறை மேடு, பன்னிரண்டாம் நாள், வேண்டுமானால் மீண்டும் போர். அக்கிலீஸ் இசைகிறான். கண்ணீர் இருவரையும் ஒன்றாக்கிற்று, ஆனால் சமாதானமாக்கவில்லை. அவர்களுடைய தேவர்களால் அது இயலாது. ஏனெனில் அத்தேவர்களே இரு கட்சியாய் நிற்கின்றனர். சேயுஸ் தன் மகன் சர்ப்பேதோனுக்காக இரத்தத்துளிகளைப் பொழிந்து வருந்துகிறான். ஆயினும் அவனைக் காக்கவும் இல்லை, அவனோடு சாவை ஏற்கவும் இல்லை. பகையைச் சிலுவையினால் கொன்று, இருதிறத்தாரையும் ஒரே புதிய மனிதனாகச் சிருஷ்டிக்கிறவரைப் பற்றி (எபே. 2:14–16) ஹோமர் கேள்விப்பட்டதில்லை.

இலியடின் முதற்சொல்லாகிய அதே ‘சினம்’ என்னும் கிரேக்கச் சொல், எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் 49:7இல் வருகிறது. சீகேம் நகரத்தாரை வஞ்சகமாய் வெட்டிய சிமியோன், லேவி என்பாரின் மூர்க்கத்தை யாக்கோபு சபிக்கும் இடம் அது. ஹோமர் விவரித்த நோய் திருமறைக்கு அந்நியமான நோயன்று. அது முற்பிதாக்களின் கூடாரத்திலும் இருந்தது. 1185இல் தெசலோனிக்கேயில் நுழைந்த கிறிஸ்தவப் படையிலும் இருந்தது. நம் சபைப் பூசல்களில் அது இல்லையென்று நம்மில் யார் கூறத்துணிவோம்?

தேவ ஊழியன் திருமறையை மட்டுமே வாசித்தால் போதும், மற்ற இலக்கியங்கள் மற்றவர்களுக்கு உரியவை என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பக்தியை நாம் ஐயுறவேண்டியதில்லை. ஆனால் அவர்கள் தம்மை அறியாமலே யூலியனோடு உடன்படுகிறார்கள். மத்தேயுவும் லூக்காவும் உங்களுக்குப் போதும் என்று சபைக்குச் சொன்னவன் அவனே. வெளியே நிற்கும் மக்கள் எதற்காக அழுகிறார்கள் என்பதை அறியாதவர்களாய், ஆலயச் சுவர்களுக்குள் பேசிக்கொண்டிருக்கட்டும் என்பதே அவன் நோக்கம். பிதாக்கள் அதற்கு இணங்கவில்லை. தேவர்களை மறுத்தார்கள், மனிதனின் அழுகுரலை மறுக்கவில்லை. பிரியாமின் கண்ணீரை அறிந்த போதகன், அதைத் துடைக்க வல்லவர் யார் என்பதை இன்னும் தெளிவாய்ப் பிரசங்கிப்பான்.